கிளாவர் ஏழு

செக்காலை ரோட்டில் சிகப்பி மெஸ்ஸின் மாடியில்
சனிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல்
இலைக்கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு
போக்கர் ஆடுவோம், நாலு பேர்.
காசு கிடையாது, தீக்குச்சிதான்.
(காசும் உண்டு.
அது மாதக் கடைசியில், கீழே, கல்லாவில்.)

கணக்கு எழுதுவது நான்.
பகலெல்லாம் அரிசி ஆலையில் எழுதும் அதே கை.
யார், எத்தனை குச்சி,
எந்தச் சீட்டில் விட்டார், எதில் பிடித்தார்.
மூன்று வருஷம், இரண்டு நோட்டு.
எதுக்குங்க இதெல்லாம் என்று ஜமால் கேட்டார்.
தோற்கிறவன்தான் எழுதுவான் என்று
நான் சொல்லவில்லை.

எனக்குச் சீட்டு வருவதில்லை என்றே
நெடுநாள் நம்பியிருந்தேன்.
நோட்டு வேறு மாதிரி சொல்கிறது:
எல்லோருக்கும் வந்த அளவு ராணி
எனக்கும் வந்திருக்கிறாள்.
ஆனால் நூற்றுக்கு எழுபது ஆட்டம்
கடைசிச் சீட்டுவரை உட்கார்ந்திருக்கிறேன்.
"பார்த்துருவோமே."
என்னைத் தின்றது இந்த ஒரு சொல்.

சிகப்பி பார்ப்பதில்லை.
சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்குவாள்,
கத்தரிக்காயில் புழு தேடுகிற மாதிரி.
கவிழ்த்துவிட்டு அப்பளம் கடிப்பாள்.
பத்தில் எட்டு முறை அப்பளம்தான்.
மீதி இரண்டில்
எங்கள் குச்சி அவள் பக்கம் போயிருக்கும்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான் ஏகப்பன்,
முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு விற்பவன்.
"தெனம் ராத்திரி உலைக்கு அளக்குறேன்ல.
முகூர்த்தமா, மழையா, பள்ளிக்கூடம் லீவா,
பக்கத்துக் கடையில இன்னைக்குக் கோலா உருண்டையா,
எல்லாம் பார்த்து எண்பது இலைம்பேன்.
எழுபத்தெட்டு வரும்.
ஒருநா திருச்சி வேன் மூணு வந்து நின்னுச்சு,
ரசத்துல தண்ணி ஊத்துனேன்.
அதுக்காக மறுநா நூத்தம்பதுக்கா உலை வைப்பாக?"

ஆடி மாதக் கடைசிச் சனி.
சீட்டுப் போட்டது நான்.
நடுவில் நாலு சீட்டு கிடந்தது.
முழங்கையால் மொத்தக் குச்சியையும் தள்ளி
"அம்புட்டும்" என்றாள்.
ஏகப்பனும் தள்ளினான்.
மல்லாத்தினார்கள்.
அவளுக்கு மூன்று ராஜா. அவனுக்கு மூன்று ஏழு.
நாங்கள் பார்க்காத சீட்டு நாற்பத்து நான்கு.
அவனைக் காப்பாற்ற அதில் ஒன்றே ஒன்று.
என் விரலுக்கு அதெல்லாம் தெரியாது.
எடுத்துப் போட்டேன்.

கிளாவர் ஏழு.

"ஏழு வந்துருச்சு, அரை எங்க?" என்றார் ஜமால்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வெளியே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்
எதையோ முனகிக்கொண்டிருந்தது.

"கைராசி" என்று உள்ளங்கையைக் காட்டினான் ஏகப்பன்.
"கையா, ராசியா? ஒண்ணைச் சொல்லு" என்றாள்.
அவன் விழித்தான். நானும்தான்.
இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவைத்த
அந்த யாரோ ஒருவர்
எந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டு எழுந்தாரோ.

குச்சிகளை எண்ணிக் கொடுத்தாள்.
ஒன்று முறிந்திருந்தது, அதற்கு வேறு கொடுத்தாள்.
நாலு மணிக்கு இட்லி ஊற்றவேண்டும் என்று
படியிறங்கிப் போனாள்.

நோட்டை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
ஆலைப் பேரேட்டிலும் இதற்குப் பத்தி இல்லை:
விதைத்தது சரி, வானம் பொய்த்தது என்றால்
எந்தப் பக்கம் எழுதுவது?
சிகப்பி, பற்று 940, பேனாவில்.
ஓரத்தில் பென்சிலால்: ஆடியது சரி.
எண் அல்லாத ஒன்று
அந்த நோட்டில் ஏறியது அதுதான் முதல்.
ஏகப்பனின் வரவுக்கு எதிரேயும் ஏதோ எழுதப்போய்
அழித்துவிட்டேன்.
வந்ததை வந்ததென்றுதான் எழுதமுடியும்.

மறுநாள் எண்பத்தைந்து இலை என்று
உலை வைத்திருந்தாளாம்.
எண்பத்தாறாவது ஆளாக, மூன்று மணிக்கு,
நான் போய் நின்றேன்.
சோறு இருந்தது. மோர்மிளகாய்தான் இல்லை.
வழித்த சட்டியைச் சாய்த்துக் காட்டிவிட்டு
இலையைப் போட்டாள்:
"பார்த்துருவோமேன்னு வந்தீகளாக்கும்."